இடது கண்ணால் மட்டும் அழுதவள்

1

2018 நவம்பர் 2. மெக்சிகோ, கெரெத்தாரோ மாநிலம், சான் ஹசிந்தோ. இறந்தோர் நாள் ஒப்பாரிப் போட்டியில் எவுலாலியா முதல் பரிசு பெற்றாள்.

நடுவர்களில் நானும் ஒருவன். கதை அந்த நாற்காலியில்தான் கிடைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "அவள் கண்ணுக்குள் ஒரு கடல்..." (வேண்டாம். இருந்தது கட்டி, அதுவும் கண்ணோரத்தில்.)

2

மேடையில் காலிச் சவப்பெட்டி. கூலிக்கு அழும் பெண்கள் ஒவ்வொருவராக அதன்மேல் விழுந்து அழுதார்கள். பரிசு அறிவித்ததும், இரண்டாவதாக வந்த பெத்ரோனிலா எங்கள் மேசைக்கு வந்தாள்.

"அவ அழல சார், ஒழுகுறா. தக்காளி வாங்குறப்பவும் ஒழுகுவா. வலது கண்ணைப் பாருங்க, காஞ்ச மிளகா மாதிரி கெடக்கு."

"ஒத்தக் கண்ணுலயே ஒன்ன ஜெயிச்சேன்டி," என்றாள் எவுலாலியா. "ரெண்டையும் தொறந்தா ஊரு தாங்குமா?"

அன்று அவள் கண்ணீரில் சிவப்பு கலந்திருந்தது. இறந்தவர்கள் அவளை ஏற்றுக்கொண்டார்கள் என்று கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. நடுவர்கள் மூவரும் முழு மதிப்பெண் போட்டோம்.

3

டாக்டர் சொராய்தா என்ற பாத்திரத்தை நான் நம்பவில்லை. கூட்டத்தில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்த ஒருத்தி கண் மருத்துவராக இருப்பது கதைக்கு மிகவும் வசதி. ஆனால் அவருடைய மாமியார் கல்லறை இந்த ஊரில்தான் இருக்கிறது. இறந்தோர் நாளில் வராமல் இருக்க முடியாது. இருக்கட்டும்.

அவர் எவுலாலியாவின் மூக்கோரத்தை அழுத்திப் பார்த்தார். கல் போல ஒரு வீக்கம். கண்ணீர் மூக்குக்குள் வடியும் வழியில் ஒரு சிறு பை உண்டு. அதில் கட்டி வருவது மிக அரிது. நகரத்தில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று.

"பையை எடுத்துடணும்க்கா."

"எடுத்துட்டா கண்ணு காஞ்சிடும். அப்புறம் எந்தச் சாவுக்கு என்னைக் கூப்பிடுவாங்க?"

"எடுக்கலன்னா ஒங்க சாவுக்கு ஊரையே கூப்பிடுவாங்க."

"அதுல பெத்ரோனிலால்ல வந்து அழுவா," என்றாள் எவுலாலியா. அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தாள்.

4

முடிவு அ: அவள் மறுக்கிறாள். அவள் சாவில் பெத்ரோனிலா இரு கண்ணாலும் அழுகிறாள். (எழுதியதும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு ஆ: சிகிச்சைக்குப்பின் கண் வறண்டு, உண்மையாக அழக் கற்றுக்கொள்கிறாள். (காலண்டர் வாசகம்.)

இரண்டும் ஒரே இடத்தில் பொய்.*

* பை வடிகால் மட்டுமே. கட்டி அதை அடைத்ததால்தான் கண் வழிந்தது. கண்ணீர் ஊறும் இடம் வேறு. வடிகாலை எடுத்தால் கண் காயாது, ஆயுளுக்கும் வழியும். இதைச் சொல்ல டாக்டர் தயங்கினார். கண் வழிவது நிற்காது என்றால் எல்லா நோயாளிகளும் முகம் சுளிப்பார்கள். கடைசியில் சொன்னார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா டாக்டரம்மா? எங்க கையெழுத்துப் போடணும்?"

5

பிப்ரவரியில் பையை அகற்றினார்கள். பிறகு கதிர்வீச்சு. கட்டி திரும்புமா என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பத்தி உங்களுடையது.

பெத்ரோனிலா கேட்டுக்கொண்டதன்பேரில் போட்டிக்குப் புதிய விதி வந்தது: இரு கண்களும் அழ வேண்டும்.

அடுத்த நவம்பர் போட்டியில் எவுலாலியாவின் இடது கண் வழிந்துகொண்டே இருந்தது. அவளுக்குப் பரிசு இல்லை.