வெட்டி எடுத்த சிரிப்பு

யாரையாவது கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டால் போதும், அவர்களுடைய நடை கவியாவின் உடம்பில் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கார அம்மா சாவிக்கொத்தை இடுப்பில் செருகுவது, கேன்டீன்காரர் சாம்பார் கரண்டியைத் தட்டிவிட்டு அலட்சியமாக ஊற்றுவது, எதுவானாலும் அன்று மாலையே அறைக்குள் நடித்துக் காட்டிவிடுவாள்.

விழுந்து விழுந்து சிரிக்கச் சுகப்பிரியா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரே பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, ஒன்றாகப் பஸ் ஏறி வந்து, சுங்குவார்சத்திரத்தில் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெய்னிகளாகச் சேர்ந்தவர்கள் இருவரும். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரே லைன், ஒரே ஷிப்ட், குளிப்பதற்கு ஒரே பக்கெட்.

சுகப்பிரியாவுக்கு வரைவதில் பைத்தியம். கலர் ஸ்கிரீன் போன்கள் அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தன. போனில் அசையும் படங்களைப் பார்த்துவிட்டு, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சாம்சனிடம் போய்க் கேட்டாள்.

"வீடியோவ ஒவ்வொரு படமா நிறுத்திக்கினே போ. அதும் மேலயே கோடு போடு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வரிசையா அடுக்கினா ஓடும். அவ்ளோதான் கிஃப்பு" என்றான் சாம்சன். அவனிடம் சிறிய வீடியோ எடுக்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றும் இருந்தது. அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

லீவு நாட்களில் இருவரும் அங்கேயே கிடந்தார்கள். மானிட்டர் கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை செல்லோ டேப்பால் ஒட்டி, உள்ளே தெரியும் உருவத்தின் மேலேயே மார்க்கரால் வரைவாள் சுகப்பிரியா. அவள் "ம்" என்றதும் கவியா கீபோர்டில் ஒரு தட்டு தட்டுவாள். உருவம் இம்மியளவு நகரும். புது ஷீட், புதுக் கோடு. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஓடும்போது கோடுகள் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் படத்துக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். முதலில் வந்தது ஒரு பெண் தலை பின்னுகிற படம். பின்னியவள் கவியா. முகத்தில் கண்ணும் மூக்கும் கிடையாது, வெறும் வட்டம்தான். ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் அதைப் பார்த்த பெண்கள், "ஏய், இது கவியால்ல?" என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்து கண்ணப்பன் சாரைச் செய்யலாம் என்று சொன்னது சுகப்பிரியாதான்.

கண்ணப்பன் அவர்களுடைய லைன் சூப்பர்வைசர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். வலது காலைச் சற்று இழுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அதாலேயே மேசையைத் தட்டிக்கொண்டு வருவார். கவியா அவரை அறைக்குள் எத்தனையோ முறை நடித்திருக்கிறாள். கேமரா முன்னால் என்றதும் தயங்கினாள்.

"அவருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்ட்டி."

"ஒம் மூஞ்சி எங்க வருது? வெறும் கோடுதான வரும். வரைஞ்சு முடிச்ச ஒடனே வீடியோவ அழிச்சிருதேன். எங்கம்ம மேல சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை சாம்சனின் கேமராவை வாங்கிவந்து மொட்டைமாடியில் எடுத்தார்கள். கவியா காலை இழுத்துக்கொண்டு வந்து, பேனாவால் தண்ணீர்த் தொட்டியைத் தட்டி, "இன்னாமா, தூங்கினு கீறியா?" என்றாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து சுகப்பிரியா, "இன்னும் கொஞ்சம் கால இழுட்டி" என்று சொல்லிச் சிரித்த சிரிப்பில் படமே குலுங்கியது.

தொப்பையும் மீசையும் சேர்த்து அவள் வரைந்து முடித்தபோது அது அசல் கண்ணப்பனாகவே இருந்தது. புளூடூத்தில் போனுக்குப் போன் தாவி, ஒரே வாரத்தில் எல்லா ஷிப்டுக்கும் போய்விட்டது. கண்ணப்பன் வரும்போது பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள். யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு தோழிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் கவியாவை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள்.

மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். கிஃப் ஓடும் என்று நினைத்தாள். ஓடியது வீடியோ. மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, வெயிலில் கண்ணைச் சுருக்கிய தன் முகம், தன் குரல். அறையின் ஓரத்தில் கண்ணப்பன் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து சுகப்பிரியாவின் குரல் வருமே என்று கவியா பதறினாள். வரவில்லை. "கால இழுட்டி" என்பதும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த இடங்களில் படம் துண்டாகித் தாவியது. அவளையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. சாம்சன்தான் எப்படியோ மாட்டிக்கொண்டு வீடியோவைக் கொடுத்திருக்கிறான், அந்தப் பயலுக்கு சுகப்பிரியாவையாவது காப்பாற்றத் தோன்றியிருக்கிறது என்று நினைத்தாள்.

"இது நீதானே?"

"நான்தான் மேடம்."

"வேற யாரு கூட இருந்தாங்க? யாரு வரைஞ்சது?"

"யாரும் இல்ல மேடம். எல்லாம் நான்தான்."

மேடம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

கண்ணப்பன் எழுந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"முட்டில பிளேட்டு வெச்சிகீதுமா. ட்ராலி மோதிடுச்சி" என்றார். "நடை கரீட்டா கீது." அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேடம் சொன்னார். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நேராகச் சாம்சன் கடைக்குத்தான் போனாள். வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"ஒம்ம நம்பித்தான வந்தோம்? எதுக்குக் கம்பெனியில குடுத்தீரு?"

சாம்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் முகம் மாறியது.

"நான் யாருக்கு குடுத்தேன்? உன் ஃபிரண்டுதாம்மா முந்தாநேத்து வந்து சிடியில போட்டு வாங்கினு போச்சி. நடுவுல அது வாய்ஸ் வருதாம், அத மட்டும் கட் பண்ணிக் குடுங்கன்னு பக்கத்துலயே குந்திக்கினு பாத்துச்சி. எதுக்குன்னு கேட்டேன். கவியாவுக்குக் குடுக்கணும், ஊருக்கு எடுத்துனு போவப் போவுதுன்னு சொல்லிச்சி."

கடைக்குள் யாரோ பிரின்ட் கொடுத்திருந்தார்கள். பிரின்டர் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கவியா பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவசரத்தில், பயத்தில் தவறிப்போய்க் கொடுத்திருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தன் சிரிப்பு வருகிற ஒவ்வொரு இடத்தையும் பொறுமையாக வெட்ட வைத்திருக்கிறாள். வரையும்போது இருக்குமே, அதே பொறுமை.

சாம்சன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சுகப்பிரியா வந்தாள். கையில் பஜ்ஜிப் பொட்டலம்.

"என்னட்டி கூப்பிட்டாங்களாமே? என்ன சொன்னாங்க?"

"சாம்சன் கடைக்குப் போயிருந்தேன்" என்றாள் கவியா.

பொட்டலத்தை வைத்துவிட்டு சுகப்பிரியா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல என்னத்தான் கூப்பிட்டாங்க. கம்பெனிக் கோலப்போட்டியில வரைஞ்சது நீதான, இதுவும் நீதானான்னு கேட்டாங்க. வரைஞ்சது நான், நடிச்சுக் காட்டி வரையச் சொன்னது கவியான்னு சொல்லிட்டேன். ஆதாரம் கேட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?"

மேடம் பார்த்த பார்வைக்கு இப்போது அர்த்தம் புரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். அவர் முன்னால்தான் கவியா, எல்லாம் நான்தான் என்று நின்றிருக்கிறாள்.

"அழிச்சிருதேன்னு சத்தியம் பண்ணுனியே."

"நீ எப்பவும் ஊருக்குப் போவணும் ஊருக்குப் போவணும்னுதான சொல்லிட்டு இருந்த? எனக்கு அப்படியாட்டி? இந்த வேலைய விட்டா எனக்குப் போக்கிடம் எது?"

வேலைக் களைப்பில், கால் வலியில், கவியா புலம்பியவை அவை. அவற்றையும் இவள் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

சுகப்பிரியா தயங்கித் தயங்கி மேலும் சொன்னாள். "வரைஞ்ச கை நல்லா இருக்குன்னு மேடம் சொன்னாங்க. சேஃப்டி வகுப்புக்கு இதே மாதிரி செஞ்சு தரச் சொல்லுதாங்க. கிளவுஸ் மாட்டுதது, மெஷின நிறுத்துதது எல்லாம்." குரல் தாழ்ந்தது. "ஒன்ன மாதிரி யாருக்கும் வராதுட்டி. நீ போறதுக்கு முன்னால ஒரே ஒருக்கா மாடியில நின்னு..."

கவியா அவளையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறாள்.

"அதுலயும் ஒன் சத்தத்த வெட்டிருவியாட்டி?"

சுகப்பிரியா அழத் தொடங்கினாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் கவியா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். இன்று எழுந்து, கொடியில் கிடந்த துணிகளில் தன்னுடையதை மட்டும் பிரித்து எடுத்தாள். பெரும்பாலானவற்றை இருவருமே மாற்றி மாற்றி உடுத்தியிருந்தார்கள். எது யாருடையது என்று சந்தேகம் வந்ததையெல்லாம் கொடியிலேயே விட்டாள்.

சாம்சனின் தங்கை ஜாஸ்மின் ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் இருந்தாள். அவள் சொல்லி அங்கேயே கான்ட்ராக்டில் ஒரு வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர். யாரையும் உற்றுப் பார்க்காமல் இருக்கக் கவியா பழகிக்கொண்டாள்.

முதல் லீவில் ஒரு ரூபாய் போன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினாள். கம்பெனி மாறியதை மட்டும் சொன்னாள். அம்மா அன்னக்கிளிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"சுகப்பிரியாளும் ஒன்கூடத்தான இருக்கா?"

"இல்லம்மா. அவ பழைய கம்பெனியிலதான் இருக்கா."

"அய்யோ, தனியாவா இருக்க? லீவு வந்தா அவகிட்ட போயி இருந்துக்கட்டி. ஒன்னப் பத்தி அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்."

பின்னால் காத்திருந்தவன் நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினான்.

"சரிம்மா" என்றாள் கவியா.