அக்காவின் ஈ

என் அக்காவுக்கு ஈ என்றால் உயிர். பழத்தட்டை மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். எங்கள் ஆய்வகத்தில் அதன் கசகசா அளவு மூளையை ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சீவிப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு வாசனை எந்த நரம்பு வழியாக எங்கே போகிறது என்று படத்துக்குப் படம் வண்ணம் தீட்டிக்கொண்டே தொடர்வது அவள் வேலை. அதே ஆய்வகத்தில் எனக்கும் அதே வேலைதான். நான் அலுத்துக்கொண்டு செய்வேன்.

பூஞ்சை வாசனை வந்தால் ஈ ஓட்டம் பிடிக்கும். புளித்த பழத்தின் வாசனைக்கு ஓடி வரும். இரண்டுக்கும் தனித்தனிப் பாதை என்றுதான் நினைத்திருந்தோம். பூஞ்சைப் பாதையின் ஒரு நரம்பு பழப் பாதைக்குள் நுழைவதை அக்கா கண்டுபிடித்தாள். ஆய்வகமே வாயைப் பிளந்தது. அம்மா ஃபோனிலேயே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அதைப் பற்றிய கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு முன் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நரம்பு முடியற இடத்திலேருந்து நீ பின்னாடியா வரைஞ்சுகிட்டு வாடா. என் வண்ணத்தை மறைச்சுடறேன், நான் போன வழி உனக்குத் தெரியக் கூடாது."

"ஏன், நான்தான் கிடைச்சேனா?"

"உனக்குத்தான் என்மேல இரக்கமே கிடையாது."

முனகிக்கொண்டே தொடங்கினேன். வழியில் ஒரு துண்டு, சீவும்போதே மடிந்திருந்தது. அங்கே ஒரே பருமனில் இரண்டு நரம்புகள் ஒட்டிக்கொண்டு போயின. மடிப்பைத் தாண்டினால், என் நரம்பு பழப் பாதையிலேயே கிளம்பியிருந்தது. பூஞ்சைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி வந்து பார்த்தேன். அதேதான். 'சரியா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பெயர் நிலைத்துவிடும்.

என் முகத்தைப் பார்த்ததுமே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடிப்புக்கு முன்னும் பின்னுமாகப் படங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"இங்கதான் பக்கத்து நரம்புக்குத் தாவிட்டேன்," என்றாள். "ஈ தப்பு பண்ணலடா. நான்தான்."

கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் கை நிற்கவில்லை. மடிப்பிலிருந்து தன் வண்ணத்தை அழித்து, இரண்டு நரம்புகளையும் அதனதன் வழியில் விட்டாள். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய்த் தானே சொன்னாள். எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. வாயில் வந்ததென்னவோ, "காபி வேணுமா?" என்பதுதான்.

அதற்குள் அம்மாவின் ஃபோன். "என்னடி, உன் கண்டுபிடிப்பு எப்ப வருது?"

"வராதும்மா. நான் தப்பா வரைஞ்சுட்டேன்."

அம்மா திகைத்துப்போனாள். "அப்போ அந்த ஈ?"

அக்கா திரையைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அது சரியாத்தான் இருக்கும்மா. அவ்வளவு அழகா இருக்கு."