அரிசி களையும் அண்டாவில் அருந்ததி

ஆவணி முகூர்த்தத்தன்று காலையில், பாபநாசம் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், அரிசி களையும் அண்டாவுக்குள் அருந்ததி நட்சத்திரம் இறங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணின் தாய் அகிலாண்டம் அதைப் பார்த்ததும் ஒரு தாம்பாளத்தைப் போட்டு மூடினாள். கணவர் வைத்தியலிங்கம் போய்ச் சேர்ந்ததிலிருந்து நல்ல காரியங்களில் அவளுக்குப் பின்கட்டுதான் இடம். ஒரே மகள் குந்தவையின் கழுத்தில் தாலி ஏறியதையும் கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். இந்த நிலையில் வானத்து நட்சத்திரம் அவள் காலடியில் கிடந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? தாலியறுத்தவள் கண் பட்டு விழுந்தது என்பார்கள்.

அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கில் ஒரு சௌகரியம் உண்டு. பட்டப்பகலில் நட்சத்திரம் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஐயர் வடக்கே கை காட்டுவார், மணமக்கள் “தெரியுது” என்பார்கள், அந்தப் பொய்யோடு குடித்தனத்தைத் தொடங்கி நன்றாகவே வாழ்வார்கள். அன்றைக்குப் பார்த்து எல்லாம் தெரிந்து தொலைத்தது. ஏழு ரிஷிகளும் வெயிலிலேயே பளிச்சென்று நின்றார்கள். வசிட்டர் பக்கத்தில் மட்டும் இடம் காலி. குந்தவை அதை அப்படியே சொல்லிவிட்டாள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், பொய் சொல்லத் தெரியாத வைத்தியலிங்கத்தின் மகள் அல்லவா.

மாப்பிள்ளையின் அப்பா பஞ்சநாதன், குத்தாலத்துக்காரர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வசிட்டருக்கே துணை இல்லாத நேரத்துல தாலி ஏறியிருக்கு. இந்தப் பொண்ண எப்படிங்க வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறது?”

நாயனம் நின்றது. குத்தாலத்து வேனில் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டதாகப் பின்கட்டுக்குச் செய்தி வந்தது. அகிலாண்டம் தாம்பாளத்தை நீக்கி, நட்சத்திரத்தை அரிசி களைந்த களநீரோடு ஒரு பித்தளைச் சொம்பில் மொண்டு, கொழுந்தன் ரெத்தினத்திடம் கொடுத்தனுப்பினாள். வாசற்படி தாண்டியதும் ஒளி அவிந்து வெறும் களநீர் ஆனது. திரும்பக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தால் மறுபடி எரிந்தது. மகளின் வாழ்க்கை அந்தப் படியில் நின்றது. ரெத்தினத்தின் மனைவி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க மணமேடைக்குப் போகக் கூடாது.”

அகிலாண்டம் முந்தானையை உருவிக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகியது, மரியாதையில் பாதி, பயத்தில் பாதி. வெறும் நெற்றியோடு மேடையேறி, மணமக்கள் முன் சொம்பை நீட்டினாள்.

“பாரும்மா, இங்கதான் இருக்கு.”

குந்தவை சொம்பைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதாள். மாப்பிள்ளை மதிவாணன்தான் குனிந்து பார்த்தான்.

“தெரியுதுங்க அத்தை” என்றான். டெல்டாவில் ஒரு மாப்பிள்ளை பொய்யில்லாமல் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. பஞ்சநாதனும் எட்டிப் பார்த்தார், டிரைவரைச் சாப்பிடப் போகச் சொன்னார்.

மறு வருஷம் தம் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு அகிலாண்டத்தை அழைக்க அவரே வந்தார். இப்போது பாபநாசம் வட்டாரத்தில் முகூர்த்தம் குறிப்பவர்கள், அன்றைக்கு அகிலாண்டத்துக்கு ஒழியுமா என்று கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பிடிக்கிறார்கள். அவள் சொம்போடு போய் முன்வரிசையில் உட்காருகிறாள். வடக்கே வசிட்டர் தனியாகத்தான் நிற்கிறார். சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கும் நாட்களில் மட்டும் நட்சத்திரத்தைக் குடத்துக்கு மாற்றிவைக்கிறாள்.