வெண்ணெய் இயந்திரம் இருந்த வரிசை

1

“படத்துல அந்த வரிசை காலி, தோன்யா. அதனாலதான் நான்—”

“காலின்னு எங்க இருக்கு? விரலை வச்சுக் காட்டுங்க.”

“‘வெண்ணெய் இயந்திரம் இருந்த வரிசை’ன்னு நீங்கதானே எழுதி—”

“நான்தான் எழுதினேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“அந்த இயந்திரத்தை வித்து எட்டு வருஷம் ஆச்சுன்னு வாசல் காவலர்கூடச் சொல்றாரு!”

“வித்தோம். வித்த இடத்துல வேற ஆளு குடிவரமாட்டாங்களா? சான் ஹொசேயில மருந்துக்கடை எரிஞ்ச மூலைன்னா, அந்த மூலை இன்னும் சாம்பலாவா கிடக்கு?”

“வீட்டுக்கு வழி சொல்றப்ப அப்படிச் சொல்லுவோம். நெட்வொர்க் படத்துல யாராவது அப்படி எழுதுவாங்களா?”

“நான் எழுதுவேன்.”

2

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சாந்தா குரூஸ் பால் கூட்டுறவு ஆலையின் விற்பனைக்கடையில். சனிக்கிழமை, பதினொன்றுக்குச் சற்று முன்னால், அரைக் கிலோ பாலாடைக்கட்டிக்குக் காத்து நின்றேன். கடைக்கும் கணினி அறைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். முகங்களைப் பார்க்கவில்லை, குரல்கள் போதுமானவையாக இருந்தன.

பெண் குரல் என் தெருக்காரி கிரேத்தெல்லுடையது. ஆலையின் கணினிகளையும் கம்பிகளையும் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள். ஆண் குரல் ஓல்மன், தலைநகர் சான் ஹொசேயிலிருந்து வியாழக்கிழமை வந்த பொறியாளன். அவன் அவளைத் ‘தோன்யா’ என்கிறான். வயதில் மூத்த பெண்ணுக்கு உரிய விளி. அவள் அவனை ‘இன்ஹே’ என்கிறாள். பொறியாளர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மரியாதைச் சொல்தான். கிரேத்தெல் சொன்னால் கொஞ்சம் கசக்கும்.

கதையை வேறு மாதிரி ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். ‘எரிமலைச் சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், பால் ஆலையின்—’

[இல்லை. அன்று மூடுபனி கிடையாது. நல்ல வெயில். அதுதான் தொல்லையே.]

3

வெளியே நான்கு டேங்கர் லாரிகள் வெயிலில் நிற்கின்றன. அறுபத்திரண்டு பண்ணைகளின் பால். அது ஆலைக்குள் போக ஒரு வால்வு திறக்க வேண்டும். வால்வு திறக்க, குளிர்தொட்டிகள் நான்கு டிகிரிக்குக் கீழே இருப்பதாகக் கணினி ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கணினி சென்ற வாரம் செத்துப்போனது. அதன் வேலையை ஏற்றுக்கொள்ள ஓல்மன் கிளவுட்டில் பதினான்கு கணினிகளை எழுப்பினான். அவற்றுக்கு இரும்பு உடம்பு கிடையாது. எங்கோ இருக்கும் பெரிய இயந்திரங்களின் வயிற்றுக்குள் தனித்தனிக் கணினிகளாகக் குடித்தனம் நடத்துபவை. அவற்றை ஆலையின் பழைய கம்பிகளோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இணைப்பதற்கு ஒரே விதி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். ஒரே எண் இருவருக்கு இருக்கக் கூடாது. காலி என்று நினைத்த வரிசையின் எண்களை ஓல்மன் தன் கணினிகளுக்குக் கொடுத்துவிட்டான். அதே எண்களில் எட்டு வருஷமாகக் குடியிருப்பவை தொட்டிகளின் ஒன்பது வெப்பமானிகள். இப்போது கிளவுட் கணினி, மூன்றாம் தொட்டி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கேட்கிறது. கேள்வி ஆலைக்கு வருவதே இல்லை. அந்த எண்ணை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக் கணினியிடம் போய் நிற்கிறது. அதற்குப் பாலைப் பற்றி என்ன தெரியும்? திரை வெறுமையாக இருக்கிறது, வால்வு மூடியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குமேல் அந்தப் பாலை ஆலை வாங்காது. பன்றிகளுக்குத்தான் போகும்.

(கையால் திறக்கக் கூடாதா என்று நானும் கேட்டேன். பழைய கணினி போனதும், வெள்ளிக்கிழமைவரை காகிதத்தில் எழுதிக்கொண்டு கையால் திறக்கச் சுகாதார ஆய்வாளர் சம்மதித்தார். வெள்ளி மாலை கைப்பிடிக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.)

(இங்கே விலாசம் என்றாலே ஊருக்குத் தெரிந்த ஓர் அடையாளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். என் வீட்டு விலாசத்தையும் சொல்லிவிடுகிறேன்: காப்பி ஆலை இருந்த இடத்திலிருந்து எழுபத்தைந்து மீட்டர் வடக்கே. முப்பத்தெட்டு வருஷமாக அங்கே இருக்கிறேன். காப்பி ஆலையை நான் பார்த்ததே இல்லை. கடிதங்கள் ஒழுங்காக வருகின்றன. ஆகவே இந்தச் சண்டையில் என்னை நடுநிலையாள் என்று நம்பிவிடாதீர்கள்.)

4

முதல் பிரதியில் ஓல்மனைத் திமிர்பிடித்தவனாக எழுதினேன். வாசனைத் தைலம், பளபளக்கும் கைக்கடிகாரம், கிராமத்தாரைக் கண்டால் ஒரு— அந்தக் குரலுக்கு அது ஒட்டவில்லை. அந்தக் குரலுக்கு மூச்சிரைத்தது. வெப்பமானிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒன்பது தொட்டி ஏணிகளிலும் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தான். பாலில் முடி விழாமலிருக்க ஆலைக்குள் தாடிக்காரர்கள் தாடிக்கும் வலை மாட்ட வேண்டும், ஓல்மனும் மாட்டியிருந்தான் போலும்.

“தாடிக்கு வலை மாட்டத் தெரியுது. என் கம்பி வலையைப் பார்க்கத்தான் நேரமில்ல.”

“பார்த்துட்டேன், தோன்யா. ஒன்பதும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு டிகிரி, ரெண்டரை. இங்க பாலைத் தவிர எல்லாமே குளுகுளுன்னு இருக்கு.”

“அப்ப உங்க நம்பரை மாத்துங்க.”

“பதினாலு கணினி. ஒவ்வொண்ணையும் இடிச்சுக் கட்டணும். திங்கக்கிழமை ஆயிடும். உங்களோடது ஒன்பதுதானே?”

“நம்பர் மாத்துற பொத்தான் தொட்டி மூடிக்கு அடியில இருக்கு. மூடியைக் கழட்டினா தொட்டியைக் காலி பண்ணணும், கழுவணும், மறுபடி குளிர வைக்கணும். புதன்கிழமை.”

“சரி. யாரும் மாத்த வேணாம்.”

“இது நல்லாயிருக்கே. பன்னிக்கு நீங்களே சேதி சொல்லி விட்டுடுங்க.”

5

“வாசல் பெட்டியில ஒரு துபாஷியை உட்கார வைக்கலாம், தோன்யா.”

(துபாஷி, அதாவது நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர், என்பது என் சொல். அவன் சொன்னது வேறு. நீளமானது, வாயில் ஒட்டாதது. வாசல் பெட்டி என்பது ஆலையின் கம்பிகள் வெளியுலகத்தைத் தொடும் கருவி.)

“கிளவுட் கேட்கறப்ப மூணாம் தொட்டிக்கு ஒரு புது நம்பர். கேள்வி வாசலுக்கு வந்ததும் துபாஷி அதைப் பழைய நம்பரா மாத்தி உள்ள அனுப்பிடுவாரு. பதில் போறப்ப திருப்பி மாத்திடுவாரு. பத்து நிமிஷ வேலை. பெட்டி உங்க பொறுப்பு, உங்க சாவிச்சொல்லைப் போட்டுத் திறந்துவிட்டா போதும்.”

“ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு.”

“தற்காலிகமா.”

“எங்க ஊருல ஒரு தற்காலிகப் பாலம் இருக்கு, இன்ஹே. வெள்ளத்துக்கு அப்புறம் இரும்புல போட்டாங்க. சின்னப் பொண்ணா, முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு நான் அதுலதான் நடந்து போனேன். வெளியில ரெண்டாவதா நிக்குதே லாரி, இன்னைக்குக் காலையில அதுலதான் வந்துச்சு.”

“நான் திரும்பி வந்து ஒழுங்கா மாத்திக் கொடுக்கறேன்.”

“எப்ப?”

“அடுத்த மாசம்.”

“உங்களுக்கு முன்னாடி வந்தவரும் அடுத்த மாசம்னுதான் சொன்னாரு. இப்ப பனாமாவுல இருக்காரு. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புறாரு, நல்ல மனுஷன்.”

“தோன்யா, மணி பதினொண்ணரை.”

“எனக்கும் கடிகாரம் இருக்கு. கேளுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மூணாம் தொட்டி சூடாகும். திரையில ஒரு நம்பர் வரும், என் படத்துல வேற நம்பர் இருக்கும். வேற தொட்டிக்கு ஓடுவாங்க. பால் கெட்டதுக்கு அப்புறம் யாரைக் கூப்பிடுவாங்க? கிளவுட்டையா? படம் வரைஞ்சவளைத்தான்.”

6

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் கிரேத்தெல் சாவிச்சொல்லைத் தட்டுகிறாள், வால்வு திறக்கிறது, இருவரும் ஆளுக்கொரு குவளை வெல்லத்தண்ணீர் குடிக்கிறார்கள். குடித்தபடி ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டது. யார் பேசுகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் மணி பன்னிரண்டு. லாரிகள் திரும்புகின்றன. பன்றிப் பண்ணையின் வாசலில் முதல் ஓட்டுநர் இறங்கி, குழாயைக் கையில் எடுத்து—

[ஒரு கதைக்காக அறுபத்திரண்டு பண்ணைகளின் பாலைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. எழுதுகிறவளுக்கு இது குறைதான்.]

மூன்றாவதில் கிரேத்தெல் ஒன்று கேட்கிறாள். கேட்டது நிஜம், என் காதில் விழுந்தது. சாவிச்சொல்லைப் போடுவதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் தெரியவில்லை. கடைக்காரப் பெண் அந்நேரம் பார்த்துப் பாலாடைக்கட்டி வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டாள். மறுநாள் கிரேத்தெல்லிடமே கேட்டேன். அவளுக்கு நானும் ‘தோன்யா’தான்.

“பின்னாடின்னு எழுதுங்க, தோன்யா. பாலை நிறுத்தி வச்சுக்கிட்டுப் பேரம் பேசினவள்னு என்னை யாரும் சொல்லக் கூடாது.”

“எழுதச் சொல்றீங்களா, நடந்ததைச் சொல்றீங்களா?”

“கதைதானே? உங்களுக்கு எது வேணுமோ அது.”

எனக்கு வேண்டியது முன்னால். பின்னால் வைத்தால் அது ஒரு புகார், ஓல்மன் தலையாட்டிவிட்டு மதியப் பேருந்தைப் பிடித்துவிடலாம். முன்னால் வைத்தால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். அறுபத்திரண்டு பண்ணைகளின் பாலைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கக்கூடியவளா அவள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்களுக்கும் தீரவில்லை என்றால், அவள் கேட்டதை எடுத்துச் சாவிச்சொல்லுக்குப் பின்னால் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஓல்மனின் பதிலை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. வாசல் பெட்டி சாவிச்சொல்லுக்குக் காத்திருக்கிறது. கிரேத்தெல்லின் கை விசைப்பலகைமேல் இருக்கிறது. [நான் பார்க்கவில்லை. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.] ஓல்மன் லாரிகளைச் சொல்கிறான், வெயிலைச் சொல்கிறான், பத்தே நிமிஷம் என்கிறான். காகிதம் மேசையில் உரசுகிறது. படத்தை அவன் பக்கம் தள்ளுகிறாள். அதன்மேல் ஒரு பேனா உருள்கிறது.

“அந்த வரிசைக்கு நேரா உங்க முழுப் பேரை எழுதுங்க, இன்ஹே. அதுக்குக் கீழ உங்க அம்மா வீட்டுக்கு வழி. நீங்க நாடு மாறிடுவீங்க, அவங்க அங்கேயேதான் இருப்பாங்க.”