பாலத்தைக் கடந்த முதல் சைக்கிள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், உதிரிபாகம் வரும்வரை ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்திருந்தபோது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தைப் போனில் திறந்தார். ஊர்ப் பாலத்தைப் பற்றி மூன்றே வரி இருந்தது. நாலாவது வரியை இவர் சேர்த்தார்: திறப்பு விழா அன்று பாலத்தை முதன்முதலில் கடந்தவர் ஒரு எடை ஆய்வாளர், சைக்கிளில். கூடவே மாமனாரின் பெயரையும் போட்டுவிட்டார். கல்யாணமான புதுசு. சாயங்காலம் மனைவியிடம் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலம் இன்னொரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அதோடு மறந்தும் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வரியைக் காணோம். 'ஒருகிராம்' என்ற புனைபெயரில் யாரோ அழித்திருந்தார்கள். 'சுத்தப் பொய். இவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது' என்று காரணம் வேறு எழுதியிருந்தார்கள்.

மெக்கானிக்குக்கு வந்ததே கோபம்! பொய் சொன்னவருக்குத்தானே ரோஷம் ஜாஸ்தி. 'மேலும்கீழும்' என்ற தன் புனைபெயரில் வரியைத் திரும்பப் போட்டு, 'இவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? ஆதாரம் இருக்கா?' என்று கேட்டார். அவர் அழிக்க, இவர் போட, ஒரு மாசம் மல்லுக்கட்டு நடந்தது. அதற்குள் ஒரு நிருபர் பாலத்தைப் பற்றிக் கட்டுரை எழுத, அந்த வரியை அங்கிருந்தே அப்படியே எடுத்துப் போட்டார். வேறு யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கட்டுரையையே வரிக்கு ஆதாரமாகக் கோத்துவிட்டார். அப்புறம் ஒருகிராம் வாயே திறக்கவில்லை. ஜெயித்தாயிற்று.

இப்போது பாலத்துக்கு ஐம்பது வருஷம். நகராட்சி ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டு திறக்கிறது. செவ்வாய்க்கிழமை மனைவி அழைப்பிதழோடு வந்து நின்றாள்.

"ஏங்க, அப்பா பேரைக் கல்லுல செதுக்கப் போறாங்களாம். எந்தப் படுபாவி கிளப்பிவிட்டானோ! அப்பா காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலை."

அந்தப் படுபாவி எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். மாமனார் லேசுப்பட்ட ஆளா? தராசில் ஒரு கிராம் குறைந்தால் சொந்த மச்சான் கடைக்கே பூட்டுப் போட்டவர். அந்த மனுஷனின் பெயர் ஒரு பொய்க்குக் கீழே, அதுவும் கல்லில்!

பாத்ரூமுக்குள் ஓடி, போனை எடுத்து வரியை அழித்தார். பத்தே நிமிஷத்தில் திரும்ப வந்துவிட்டது. 'ஆதாரமுள்ள தகவலை அழிக்காதீர்கள்.' ஐயா, அதை எழுதினவனே நான்தான், அது பொய் என்று கெஞ்சினார். 'உங்கள் சொந்த வாக்குமூலம் ஆதாரமாகாது. பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே' என்று பதில் வந்தது.

வேறு வழியில்லை. அடுத்த தெருவிலிருந்த மாமனார் வீட்டுக்குப் போனார்.

"மாமா, அந்தப் பாலத்து விஷயம்... அதை எழுதினது..."

"உட்காருங்க மேலும்கீழும்," என்றார் மாமனார்.

மெக்கானிக் உட்காரவில்லை. விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்கறது இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். அப்போ புதுசா வந்த உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. வேலையில இருந்த வரைக்கும் கடை கடையா நடந்தேதான் போனேன்."

"அப்போ ஒருகிராம்..."

"நான்தான். என்னைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு என்கிட்டயே கேட்டீங்களே மாப்பிள்ளை! நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு எட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. "தப்புதான் மாமா. நகராட்சிக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

போனார்கள், இரண்டு பேரும். நகராட்சிப் பொறியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"ஐயா, உங்க தன்னடக்கம் புரியுது. ஆனா கலைக்களஞ்சியத்துல இருக்கு, பத்திரிகையில இருக்கு. இல்லைங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் குடுங்க, உடனே மாத்திடறேன்."

மாமனார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சுவரில் சாத்தியபடி ஒரு சைக்கிள் நின்றது.

"அது யாரோடது?"

காவலாளியுடையது. ஐந்து நிமிஷத்தில் அலுவலகமே முற்றத்துக்கு வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயது மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் பின்னால் கேரியரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாப்பிள்ளை."

"விழுந்துடுவீங்க மாமா!"

"விழுந்தாத்தான் ஆதாரம். எட்டு வருஷமா பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க, போதும். விடுங்க."

மெக்கானிக் கையை விட்டார். சைக்கிள் இரண்டு முழம் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓடிப்போய் மாமனாரைத் தாங்கியவர், அவருக்கு மெத்தையாகத் தானே கீழே கிடந்தார்.

மேலே இருந்தபடியே மாமனார் பொறியாளரைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோங்க."