எட்டடிக்குள் வந்த ஆந்தை

1
இது திருட்டுக் கதை. வடக்கு மினசோட்டாவில், ஆந்தை பார்க்கிறவர்கள் கூடும் காப்பிக் கடையில், வெர்ன் ஹாக்லண்ட் யாரிடமோ சொன்னதைப் பின்மேசையிலிருந்து ஒட்டுக்கேட்டேன்.

'அன்று குளிர் மைனஸ் அறுபது. விட்ட மூச்சு உறைந்து மூக்கில் தொங்கும்...'

(அந்த வரியை அடித்துவிட்டேன். மைனஸ் இருபதுதான். என்னைப் போல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நாற்பது டிகிரி கூட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?)

2
வெர்னின் மனைவி மார்லிஸுக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. வசந்தம் வரைதான் பார்வை இருக்கும் என்றார் மருத்துவர். படத்தைக் கணினித் திரை முழுக்கப் பெரிதாக்கினால் மட்டுமே எதுவும் புலப்படும். அவள் கேட்டது ஒன்றுதான்: சாம்பல் ஆந்தையின் முகம்.

கேமராக் கடையில் இரண்டு ஜூம் லென்ஸ். நானூறு மில்லிமீட்டர் வரை இழுப்பது ஒன்று, அறுநூறு வரை இழுப்பது இன்னொன்று.

"சின்னதை எடு வெர்ன். உன் தோளுக்கு அதுவே ஜாஸ்தி."

"பெருசுதான். ஒவ்வொரு இறகும் உனக்குத் தெரியணும்."

"பீரங்கி மாதிரி இருக்கு. ஆந்தையைப் பிடிக்கப்போறியா, கனடாவைப் பிடிக்கப்போறியா?"

கையிலிருந்த பழைய லென்ஸைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கினான். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எவ்வளவு தூரம் இழுக்கும் என்றுதான் கேட்போம். எவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

3
ஒன்பது நாள் சாலையோரம் காரிலேயே காத்திருந்தார்கள். (ஐந்து நாள்.) ஆறாம் நாள் காலை ஆந்தை வந்தது. வந்து, வெர்னின் ஜன்னலுக்கு நாலடியில் இருந்த வேலிக்கம்பத்தில் உட்கார்ந்தது.

அந்த லென்ஸுக்கு எட்டடிக்குள் எதுவும் தெளியாது. உள்ளே சாம்பல் புகை மட்டும்.

(கைபேசி இல்லையா என்பீர்கள். குளிரில் செத்துக் கிடந்தது. இதில் மிகையில்லை.)

"கம்பத்து மேல என்னமோ அசையுது," என்றாள் மார்லிஸ். "அதுவா?"

"அதான். பேசாத."

நேராகப் பார்த்தால் அவளுக்கு அங்கே ஓர் ஓட்டைதான். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடினாள். வெர்ன் காரைப் பின்னுக்கு எடுக்கச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது. கம்பம் காலி.

4
முடிவு ஒன்று: ஆந்தை அடுத்த கம்பத்தில் உட்கார்ந்து, ராஜாவைப் போலத் திரும்பி... இல்லை.

முடிவு இரண்டு: வேறு யாரோ எடுத்த படத்தைத் தன்னுடையது என்று காட்டினான். அவள் அதைத் தடவி...

காப்பிக் கடையில் வெர்ன் இந்த இடத்தோடு எழுந்து போய்விட்டான். எனக்குத் தெரிந்தது, காரில் அவள் கேட்டது மட்டும்:

"கிடைச்சுதா, வெர்ன்?"

எனக்குக் கூசாமல் பொய் வரும். இந்த ஒரு வரிக்கு வரவில்லை. அவள் வெர்ன் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருக்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?