பதினைந்து வாட் வீடு

ஸ்டீரியோ வந்த மூன்றாம் நாளிலிருந்து காயில் அக்கா வீட்டுக் கூடத்தில் பாட்டுகளின் தலைகள் தரையில் விழ ஆரம்பித்தன. சாதாரண நாளில் முக்கால் முறம், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்றரை. பார்க்க வெட்டிப் போட்ட நகம் மாதிரி, பால் நிறத்தில் இருக்கும். வயலினின் தலைகள் பொடிசு, காலில் குத்தும். டிரம்மின் தலைகள் தட்டையாக, ஜாடி மூடி அளவுக்கு. பாடுகிறவர் உச்சத்துக்குப் போகிற இடத்தில் விழுபவை வெதுவெதுப்பாக இருக்கும். ஆறுவதற்குள் கூட்டினால் துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். காதருகே பிடித்தால் பாட்டின் அந்த ஒரு நுனி மட்டும் கேட்கும். காயில் அக்கா இரண்டு நாள் பிடித்துப் பார்த்தாள், அப்புறம் தொட்டியில் கொட்டினாள். குப்பை வண்டிக்காரர் இது மக்குமா மக்காதா என்று ஒரு தடவை கேட்டார். தெரியாது என்றாள். மக்காத வாளியில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

இது ஏன் நடந்தது என்பதில் மர்மம் கிர்மம் எதுவும் கிடையாது. பதினைந்து வாட் ஆம்ப்ளிஃபையருக்கு இருநூறு வாட் ஸ்பீக்கரை மாட்டினார்கள், அவ்வளவுதான். மாட்டியவர் அவள் கணவர், பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அவர் தலையில் கட்டியவர் அவருடைய அண்ணன், மெயின் ரோட்டில் ஸ்டீரியோ ஷோரூம் வைத்திருந்தவர். அந்த ஷோரூமில் விற்ற ஸ்பீக்கரெல்லாம் ஆறே மாதத்தில் கருகி எங்கே வரும் என்கிறீர்கள்? இரண்டு தெரு தள்ளியிருந்த ரிப்பேர் பட்டறைக்கு வரும். அங்கே ஒன்பது வருஷமாக ஸ்பீக்கருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள்தான் காயில் அக்கா. மாதத்துக்கு நாற்பது சுற்றுவாள். கருகின காயிலை முகர்ந்து பார்த்தே எந்த ஆம்ப், எதுவரைக்கும் திருகினார்கள் என்று சொல்லிவிடுவாள். ஊரே அவளைக் கேட்டுத்தான் ஸ்பீக்கர் வாங்கியது. கேட்காத ஒரே ஆள் அவளோடு ஒரே வீட்டில் இருந்தார். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் சொல்லாமல் இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே சொன்னாள்.

"என்னங்க, இது நம்ம ஆம்ப்புக்குச் சரிப்படாது. பிரிக்காம அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க."

"ஸ்பீக்கர் பெருசு, ஆம்ப் சின்னது. எப்படி எரியும்? ரொம்பப் பத்திரம்னு அண்ணன் சொன்னார்."

"சின்னதுதாங்க எரிக்கும். இல்லாத சத்தத்தைக் குடுன்னு திருகினா அது என்ன பண்ணும்? அலையோட தலையைச் சீவிடும். தலை சீவின சத்தம் உள்ள இருக்கிற சின்ன ஸ்பீக்கரைப் போட்டு வறுத்து எடுத்துடும். தினம் அதைத்தானே பார்க்கிறேன்."

"உனக்குக் காயில் சுத்தத் தெரியும். அண்ணன் கடையே வெச்சிருக்கார்."

அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சு எப்போதும் அவர் பக்கத்தில்தான் முடியும்.

கனத்த ஸ்பீக்கர்கள் அவை, பதினைந்து வாட்டுக்கு அசைந்து கொடுக்கவில்லை. டைம்கீப்பர் குமிழைக் கடைசிவரை திருகினார். பத்தவில்லை என்று அண்ணனிடம் போய் நின்றார். அண்ணன் இன்னொரு ஜோடியைக் கொண்டுவந்து அதே முனைகளில் சேர்த்துக் கட்டினார். எட்டு ஓம் நாலு ஓம் ஆகிவிடும், ஆம்ப் தாங்காது என்று காயில் அக்கா சமையலறை வாசலில் நின்று சொன்னாள். ஓம் எல்லாம் சும்மா ஒரு நம்பர் என்றார் அண்ணன். ஆம்ப் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. சமையலறையில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி அதன் முன்னால் வைத்தார்கள். ஆம்புக்குக் காற்று வந்தது, அடுப்படியில் இவள் வெந்தாள். ட்வீட்டர் என்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை எரிந்தன. ஒன்பது தடவையும் காயில் அக்கா பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சுற்றி, சாயங்காலம் திரும்ப மாட்டிவைத்தாள். டைம்கீப்பர் டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், அண்ணன் குடுத்த ஸ்பீக்கர், ரெண்டு வருஷமா ஒரு கோளாறு இல்லை என்று. அந்த வாயை என்ன செய்வது?

முதல் வருஷக் கடைசியில் பாட்டு இல்லாத நேரத்திலும் தலைகள் விழத் தொடங்கின. ஆம்ப் அணைந்திருந்தாலும் சரி, அந்தக் கூடத்தில் யார் எதை ஓர் அளவுக்கு மேல் உரக்கச் சொன்னாலும் அதன் தலை சீவப்பட்டது. எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்த் தகராறுக்கு வந்து கத்தினார். அவர் கத்தலில் பாதி வாசல் மிதியடியில் கிடந்தது, மனிதர் என்னவோ நலம் விசாரிக்க வந்ததுபோலத் தெரிந்தது. டைம்கீப்பருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்றைக்குக் குரலை உயர்த்தினார்? அவர் மெல்லச் சொன்னாலே அந்த வீட்டில் எல்லாம் நடந்தது. சீவப்பட்டதெல்லாம் காயில் அக்காவின் கோபம்தான். அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும், கூடத்துக்குள் நுழையும், உச்சி துண்டாகி டொப்பென்று காலடியில் விழும். அவருக்குப் போய்ச் சேர்வது வழவழவென்று ஒரு பேச்சு.

"ஏன் முணுமுணுக்கற? தெளிவாச் சொல்லு" என்பார்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அவளைப்போலப் பொறுமைசாலி உண்டா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவள்தான் கூட்டினாள். அவளுடைய துண்டுகள் டிரம்முடையதைவிடக் கனம், முறம் வளைந்தது.

மூன்றாம் வருஷம் பட்டறை முதலாளி தன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். பட்டறையையும் மேலே இருந்த அறையையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். தொழில் தெரிந்தவள், பதினோரு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள். கையை நீட்டினால் தொடுகிற தூரம். அந்தப் பெரிய மனிதர் என்ன செய்தார்? டிப்போவுக்கு நடந்துபோய் டைம்கீப்பரைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா எடுத்து நடத்துவாங்களா?"

"அவளுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி? அண்ணன் குடோனுக்கு இடம் தேடிட்டிருக்கார். அவருக்கே குடுத்துடுங்க."

ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் விஷயம் தீர்ந்தது. காயில் அக்கா அந்தப் பட்டறையைத் தான் ஏற்று நடத்தவேண்டும் என்று நாலு வருஷமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் சுவரில் எந்த அலமாரி என்பதுவரை யோசித்துவைத்திருந்தாள். முதலாளியே ஒரு நாள் கேட்பார் என்று காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டே டைம்கீப்பர் செய்தியைச் சொன்னார், நாளைக்கு மழை வரும்போல என்கிற குரலில். அவள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினாள். அன்று விழுந்தது தவலை மூடி அளவு இருந்தது. விழுந்த வேகத்தில் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. அவர் காதுக்குப் போனது என்னவோ ஒரு பெருமூச்சு மாதிரி.

"சரி, நீயும் ஒத்துக்கிட்ட. நல்லதாப் போச்சு" என்றார். மோர் கேட்டார்.

அடப்பாவி!

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் பட்டறைக்குப் போனபோது அவளுடைய காயில் மேஜை தெருவில் கிடந்தது. கம்பிச் சுருள்கள் மண்ணில் உருண்டிருந்தன. உள்ளே ஷோரூம் அட்டைப்பெட்டிகள் கூரைவரை ஏறியிருந்தன. வாசலில் முதலாளி, டைம்கீப்பர், அண்ணன் மூவரும் சாவியை எந்த ஆணியில் மாட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளிதான் முதலில் பார்த்தார். "வாம்மா" என்றார். காயில் அக்கா வாயைத் திறந்தாள். தெருவில் ஆம்ப் கிடையாது, கூரை கிடையாது, சீவுவதற்கு ஒன்றுமே கிடையாது.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

முழுசாக வந்தது. தலை, உடம்பு, வால் எல்லாவற்றோடும் வந்தது. தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். அட்டைப்பெட்டிகள் தாமாகவே சரிந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள், கத்தல் மூடிக்கொள்ளவில்லை. மின்கம்பி உயரத்துக்கு ஏறி, பட்டறைக்கும் எதிரே இருந்த தையல் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு, மூச்சு வாங்குகிற அளவு இடைவெளி விட்டு, மறுபடியும் மறுபடியும் கேட்டது. யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? அண்ணன் பதில் சொல்லப் பார்த்தார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. முதலாளி சாவியை அவள் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மத்தியானத்துக்குள் பெட்டிகள் திரும்பிப் போயின. சாயங்காலம் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு பட்டறை மேலறைக்குக் குடிபோனாள்.

அவள் போன ஒரே மாதத்தில் அந்த வீட்டின் நான்கு ஸ்பீக்கர்களும் செத்தன. அண்ணன் புதுசு கொடுத்தார், அது ஐந்து மாதம் தாங்கியது. அடுத்தது மூன்று மாதம். ஷோரூமில் யாரும் எதையும் போட்டுக் கேட்டு வாங்க முடியவில்லை, இரண்டு தெரு தாண்டி வந்த கத்தல் எல்லாப் பாட்டுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அண்ணன் மெத்தை வியாபாரத்துக்கு மாறினார். கத்தல் இருந்த தெருவில் முதல் மாதம் எல்லோரும் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் அதன் இடைவெளிகளில் பேசப் பழகினார்கள். தையல்காரர் அளவுகளை விரலால் கேட்டார். வீடுகளில் ஆண்கள் சோபா வாங்குவதற்கு, மகனைப் பள்ளி மாற்றுவதற்கு, ஊருக்குக் கிளம்புவதற்கு எல்லாம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள். பயம்தான், வேறென்ன. நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி சத்தம் அளக்கும் மீட்டரோடு வந்தார். பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரர் இருக்காராம்மா? அவர்கிட்டப் பேசணும்" என்றார். மீட்டரின் முள் கோடிக்கு ஓடி வளைந்து நின்றுவிட்டது. இடி, காற்று வகையறா என்று எழுதிக் கோப்பை மூடினார்.

டைம்கீப்பர் நான்கு வருஷம் சுற்றுவழியில் டிப்போவுக்குப் போனார். ஐந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை ஆம்ப்ளிஃபையரை அக்குளில் இடுக்கிக்கொண்டு கத்தலுக்கு நேர் கீழே நடந்துவந்து, பட்டறை வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றார். அவர் முறை வந்தது. இடைவெளிக்குக் காத்திருந்து சொன்னார்.

"இதுக்கு எந்த ஸ்பீக்கர் சரியா இருக்கும்? உன்னைக் கேட்டு வாங்கலாம்னு வந்தேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். தெருவே அண்ணாந்து பார்த்தது, இப்போது நின்றுவிடும் என்று. நிற்கவில்லை. எதற்கு நிற்க வேண்டும்? ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு தடவை கேட்டுவிட்டால் அத்தனை வருஷமும் நேராகிவிடுமா?

காயில் அக்கா எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டாள். அறை எத்தனை அடி, எவ்வளவு தள்ளி உட்காருவீர்கள். அவள் பதினோரு வருஷம் பெருக்கிய கூடம் அது, இருந்தும் கேட்டாள். சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: ஒரு ஜோடி போதும், எட்டு ஓம், முப்பது வாட், லேசான காகிதக் கூம்பு, ஒரு வாட்டிலேயே நன்றாகச் சத்தம் கொடுக்கிற ரகம். குமிழை முக்காலுக்கு மேல் திருகக் கூடாது. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகவில்லை.

"எப்ப வீட்டுக்கு வர்ற?"

வருகிறாயா என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார். வருவதை அவர் முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டிருந்தார், அதையும் யாரையும் கேட்காமல். காயில் அக்கா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"அடுத்தவங்க வாங்க."

சீட்டில் இருந்த ஸ்பீக்கரை அவர் வாங்கி மாட்டினார், அந்தக் கூடத்தில் இப்போது எதுவும் விழுவதில்லை. கத்தல் அங்கேயேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் தாழ்ந்து வரும், அவ்வளவுதான். அந்தத் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், கத்தல் எந்த ஜன்னலுக்கு நேரே இருக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறார். கணவன்மார்கள் பின்பக்கத்து வீடாகக் கேட்கிறார்கள். மனைவிமார்கள் முன்பக்கத்து வீடு காலியாகும்வரை காத்திருக்கிறார்கள்.